வறண்ட தலைமுடிக்கு எண்ணெய்: அலசும் முன் ஒரு முறை, அலசிய பின் ஒரு முறை

பாலக்கோட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தலைமுடியைப் பிரித்துக் காட்டாத உறவுப் பெண்கள் குறைவு. ஓசூரில் விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறவர்கள், தர்மபுரியில் கல்லூரியில் படிப்பவர்கள், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவர்கள் என்று பலர் வருவார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "வாரம் தவறாமல் எண்ணெய் வைக்கிறேன் அக்கா, ஆனாலும் முடி தேங்காய் நார் மாதிரிதான் இருக்கிறது."

எப்படி வைக்கிறீர்கள் என்று கேட்டால் கதை தெரிந்துவிடும். உச்சியில் கைநிறைய எண்ணெய் ஊற்றித் தேய்க்கிறார்கள். பிறகு போர்த் தண்ணீரில் ஷாம்பு போட்டு, விரலில் கிரீச்சென்று சத்தம் வரும் வரை அலசுகிறார்கள். துண்டால் அடித்து உலர்த்துகிறார்கள். அதோடு வேலை முடிந்தது.

எண்ணெயில் தண்ணீர் கிடையாது. ஆகவே எண்ணெய் முடிக்கு ஈரம் கொடுக்காது, இருக்கிற ஈரம் ஓடிவிடாமல் காக்கும். அலசும் முன் வைக்கும் எண்ணெய் தண்ணீரும் ஷாம்புவும் செய்யும் சேதத்தைக் குறைக்கிறது. அலசிய பின் ஈரமுடியில் வைக்கும் சில சொட்டுகள் அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதைச் செய்ததே இல்லை.

1. முடி வேறு, தலைத்தோல் வேறு: இரண்டையும் தனித்தனியே பாருங்கள்

பகல் வெளிச்சத்தில் வகிடு எடுத்து, வேறு ஒருவரைத் தலைத்தோலைப் பார்க்கச் சொல்லுங்கள். மாவு போல உலர்ந்த மெல்லிய செதில் மட்டும் இருந்தால் தோல் வறண்டிருக்கலாம். மஞ்சள் கலந்து, பிசுபிசுப்பாக, அரிப்போடு செதில் வந்தால் அது பொடுகு.

இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பொடுகோடு தொடர்புடைய மலாசீசியா என்ற பூஞ்சை எண்ணெயிலுள்ள கொழுப்பை உண்டு வாழ்வது. பொடுகை வறட்சி என்று நினைத்து வேரில் எண்ணெய் வைத்தால் அரிப்பு கூடும். பொடுகு உள்ளவர்கள் காது மட்டத்துக்குக் கீழே மட்டும் எண்ணெய் வைத்தால் போதும். தலைத்தோலைத் தொடவே வேண்டாம்.

அடுத்து முடி. ஒற்றை முடியை இரு விரலுக்கிடையில் பிடித்து வேர்ப்பக்கத்தையும் நுனிப்பக்கத்தையும் மாறி மாறித் தடவிப் பாருங்கள். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. 60 செ.மீ. நீண்ட முடி என்றால் அதன் நுனிக்கு வயது ஐந்து. ஐந்து ஆண்டு வெயிலும் சீப்பும் உப்புத் தண்ணீரும் பட்டு, மேலே ஓடு போட்டதுபோல் அடுக்கியிருக்கும் செதில்கள் அங்கே தூக்கிக்கொண்டிருக்கும். வறட்சி இருப்பது நுனியில், நாம் எண்ணெய் ஊற்றுவது உச்சியில்.

2. வீட்டுத் தண்ணீரைச் சோதியுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் பிரிந்தால், வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் வெள்ளைப் படலம் ஏறினால், உங்கள் தண்ணீரும் அப்படித்தான். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் முடியில் படிந்து சொரசொரப்பை உண்டாக்குகின்றன. எண்ணெய் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தப் படிவுக்கு மேல்தான் உட்காரும்.

நம் பகுதித் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பதால்தான் முடி கெடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கத்தான். ஆனால் ஃபுளோரைடு கெடுப்பது பல்லையும் எலும்பையும். முடியின் சொரசொரப்புக்கு நான் சொன்ன கடினத்தன்மையைப் பாருங்கள். குழாயில் காவிரித் தண்ணீர் வரும் வீடானால் ஒரு குடம் எடுத்து வையுங்கள். ஒன்பதாம் படியில் தேவைப்படும்.

3. எந்த எண்ணெய் எந்த வேலைக்கு

தேங்காய் எண்ணெய்தான் முதல் தேர்வு. அதன் கொழுப்பில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். அந்த மூலக்கூறு சிறியது, நேரானது, ஆகவே முடியின் உள்ளே புகக்கூடியது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வில், முடியின் புரத இழப்பைக் குறிப்பிடும்படி குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. முடி நனையும்போது வீங்குகிறது, உலரும்போது சுருங்குகிறது. ஒவ்வொரு குளியலிலும் இது நடந்து முடி தளர்ந்துபோகிறது. உள்ளே புகுந்த எண்ணெய் அந்த வீக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது.

நல்லெண்ணெய் கனமானது. முடிக்கு மேலே போர்வை போல நிற்கும். அதிலேயே உள்ள செசமோல் போன்ற பொருள்களால் எளிதில் கெடாது. அடர்ந்த, சுருண்ட முடிக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. மெல்லிய முடியில் படிந்து ஒட்டிக்கொள்ளும்.

விளக்கெண்ணெய் பற்றித்தான் எச்சரிக்கை தேவை. நம் பக்கம் கடலைக் காட்டின் ஓரத்தில் ஆமணக்கு இருப்பதால் வீட்டில் தாராளமாகக் கிடைக்கிறது. அதன் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம். அந்தப் பிசுக்கு அதிலிருந்துதான் வருகிறது. அதைத் தனியாக நீண்ட முடியில் ஊற்றி, உச்சியில் குவித்துக் கசக்கி அலசினால் முடி பறவைக்கூடு போல இறுகிப்போகலாம். பிரிக்கவே முடியாமல் முடியை வெட்ட நேர்ந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. எப்போதும் கலந்துதான் பயன்படுத்த வேண்டும், அதுவும் கொஞ்சமாக.

கடலை எண்ணெய் வைக்கலாம், கெடுதல் இல்லை, ஆனால் மணம் போகாது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக் கூடாது. வேப்பெண்ணெயும் புங்க எண்ணெயும் வறட்சிக்கான எண்ணெய்கள் அல்ல. வேப்பெண்ணெய் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் ஆபத்து. கைக்குழந்தை உள்ள வீட்டில் தலையில் வைக்கவே வேண்டாம்.

4. வாங்கும்போது

கோயில் விளக்குக்கென்று விற்கும் தீப எண்ணெய் பல எண்ணெய்களின் கலவை. விலை குறைவு என்று அதைத் தலைக்கு வாங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். புட்டியில் எழுதியிருப்பதைப் படித்து, ஒரே எண்ணெய்தானா என்று உறுதி செய்யுங்கள்.

செக்கில் வாங்கினால் கொப்பரைக்குக் கந்தகப் புகை போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள், புகை போடாததை வாங்குங்கள். அன்றே ஆட்டிய எண்ணெய் கலங்கலாக இருக்கும். இரண்டு மூன்று நாள் அசைக்காமல் வைத்து, கசடு அடியில் தங்கியதும் மேலாக இறுத்துக்கொள்ளுங்கள். கசடு இருந்தால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். அந்த வாடை வந்த எண்ணெயைத் தலைக்கு வைக்க வேண்டாம், தோலை அரிக்கும். ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, வெளிச்சம் படாத இடத்தில் மூடி வையுங்கள்.

மார்கழியில் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்துவிடும். 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறைவது இயல்பு. கலப்படம் என்று பயந்து கொட்டிவிடாதீர்கள்.

5. கலந்து வைத்துக்கொள்வது

100 மி.லி. கலவைக்கு நான் சேர்க்கும் அளவு இது: தேங்காய் எண்ணெய் 70, நல்லெண்ணெய் 25, விளக்கெண்ணெய் 5. மெல்லிய முடிக்காரர்கள் தேங்காய் எண்ணெயை மட்டும் வைத்தாலே போதும்.

கறிவேப்பிலை, செம்பருத்தி, கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்ச வேண்டுமா என்று கேட்பார்கள். வறட்சிக்கு அது கட்டாயமில்லை. காய்ச்சுவதானால் இலையை நிழலில் நன்றாக உலர்த்திப் போடுங்கள், சிறு தீயில் சலசலப்பு அடங்கும் வரை வையுங்கள். சத்தம் அடங்குவது இலையிலிருந்த நீர் போய்விட்டதற்கு அடையாளம். நீர் தங்கினால் பத்து நாளில் பூஞ்சை பிடிக்கும். பச்சை இலையை அரைத்து அப்படியே எண்ணெயில் போட்டு ஊறவைப்பது மிகவும் பரவலான தவறு.

முதல்முறை வைக்கும் முன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அந்த எண்ணெய் உங்களுக்கு ஆகாது.

6. எடுத்து வைக்க வேண்டியவை

அகலப் பல் சீப்பு, சின்னக் கிண்ணம், தேக்கரண்டி, நான்கு கிளிப்புகள், பழைய பருத்தி வேட்டித் துண்டு, அரப்புத் தூள் அல்லது ஷாம்பு, ஒரு குடம் நல்ல தண்ணீர். எண்ணெய்க் கையோடு அலமாரியைத் திறந்து தேடுவதைத் தவிர்க்க எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துவிட்டு உட்காருங்கள்.

7. சிக்கெடுத்துவிட்டு எண்ணெய் வையுங்கள்

சிக்கை எண்ணெய் தளர்த்தும் என்று நம்பி, சிக்கோடு எண்ணெய் வைப்பார்கள். அப்போது முடிகள் ஒன்றோடொன்று ஒட்டி முடிச்சு இறுகும். உலர்ந்த முடியை முதலில் நுனியிலிருந்து வாருங்கள். நான்கு விரல் அளவு சிக்கு விட்டதும் இன்னும் கொஞ்சம் மேலே போங்கள். வேரிலிருந்து இழுத்தால் எல்லாச் சிக்கும் கீழே சேர்ந்து ஒரே முடிச்சாகும்.

எண்ணெயை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். கிண்ணத்தை வெந்நீரில் வைத்தால் போதும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும், சுருக்கென்று சுடக் கூடாது. சூடு எண்ணெயை இளக்கிச் சீராகப் பரவவைக்கிறது, அதற்கு மேல் பயன் ஏதும் இல்லை.

தலையை நடுவகிடாகவும் காதிலிருந்து காதுக்கும் பிரித்து நான்கு பகுதியாக்கிக் கிளிப் போடுங்கள். ஒரு பகுதியை மட்டும் அவிழ்த்துக்கொண்டு, எண்ணெயை உள்ளங்கைகளில் பரப்பி முதலில் நுனிக்கு வையுங்கள். அடுத்து நடுமுடி, கடைசியாகக் கையில் மிச்சமிருப்பது வேருக்கு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். உச்சியில் தொடங்கினால் எண்ணெய் முழுவதும் அங்கேயே தீர்ந்து, தேவையுள்ள நுனிக்கு ஒன்றும் போய்ச் சேராது.

கையை மேலிருந்து கீழாக மட்டும் நீவுங்கள். வட்டமாகக் கசக்கினால் செதில்கள் எதிர்த்திசையில் உரசிப் பெயரும். தலைத்தோலுக்கு நகம் படாமல் விரல் நுனியால் மூன்று நான்கு நிமிடம் மெதுவாக அழுத்தினால் போதும்.

தோள்வரை உள்ள முடிக்கு இரண்டு தேக்கரண்டி, இடுப்புவரை நீண்டதற்கு மூன்று அல்லது நான்கு. தேக்கரண்டி என்றால் 5 மி.லி. முடியில் மினுமினுப்புத் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டும் அளவுக்கு வைத்தால் அதைப் போக்கக் கூடுதல் ஷாம்பு தேவைப்படும். அந்தக் கூடுதல் ஷாம்பு நீங்கள் சேர்த்த நன்மையை எடுத்துக்கொண்டு போய்விடும்.

8. எவ்வளவு நேரம் ஊற வேண்டும்

ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் போதும். தளர்வாகப் பின்னிக்கொள்ளுங்கள். இரவு முழுக்க வைத்தாலும் கெடுதல் இல்லை. நெற்றியில் பரு வரும் இயல்புள்ளவர்கள் மட்டும் இரவில் வைக்க வேண்டாம். எண்ணெய் வழிந்து நெற்றிமேட்டில் பருவை உண்டாக்கும்.

எண்ணெய்த் தலையோடு வெளியே போகாதீர்கள். கிரானைட் லாரி ஓடும் சாலையில் இருசக்கர வண்டியில் போய்வந்தால் அந்தத் தூள் முழுவதும் முடியில் ஒட்டி, அலசும்போது உப்புத்தாள் போல உரசும்.

9. அலசுவது: பாதிப் பேர் கெடுத்துக்கொள்ளும் இடம்

என் அக்கா மகள் மூன்று மாதம் விடாமல் எண்ணெய் வைத்தும் பலன் இல்லாமல் வந்தாள். எண்ணெய் வைக்கும் விதத்தில் எந்தக் குறையும் இல்லை. அவள் அலசும்போது பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் எனக்கே விளங்கியது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர், இரண்டு முறை ஷாம்பு, முடி முழுவதையும் உச்சியில் சுருட்டித் துணி துவைப்பதுபோல் கசக்கல்.

தண்ணீர் இளஞ்சூட்டுக்கு மேல் போக வேண்டாம். தளி, அஞ்செட்டிப் பக்கக் குளிருக்கு உடம்புக்குச் சூடான தண்ணீர் வேண்டியிருக்கும். அதைத் தனியாக வைத்துக்கொண்டு தலைக்கு மட்டும் விளாவிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் வைத்த தலைக்கு அரப்பைத்தான் முதலில் சொல்வேன். உசிலை மரத்தின் இலையை உலர்த்தி இடித்த தூள் அது. சந்தையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். எண்ணெயைப் போக்கும், முழுதாகத் துடைத்துவிடாது. தோள்வரை முடிக்கு மூன்று மேசைக்கரண்டித் தூளைத் துணியில் சலித்து, ஆறிய வடிகஞ்சியில் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். சலிக்காமல் போட்டால் திப்பி முடியில் சிக்கி இரண்டு நாளைக்கு உதிர்ந்துகொண்டிருக்கும்.

அரப்பை நனையாத எண்ணெய் முடியிலேயே பூச வேண்டும். தூள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டால் எண்ணெய் மேல் தண்ணீர் நின்று அரப்பு வழுக்கிக்கொண்டு போகும். ஐந்து நிமிடம் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து மேலிருந்து கீழாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். கண்ணில் பட்டால் நன்றாக எரியும்.

சீயக்காய் அரப்பைவிடச் சற்று வறட்சி தரும். மிகவும் காய்ந்த முடிக்காரர்கள் அதைத் தவிர்க்கலாம். விடுதியில் இருப்பவர்களுக்கு ஷாம்புதான் வழி. ஒரு பங்கு ஷாம்புவை ஐந்து பங்கு தண்ணீரில் கரைத்துத் தலைத்தோலுக்கு மட்டும் போடுங்கள். வழிகிற நுரையே நீளமுடிக்குப் போதும். ஒரே முறை போட்டால் போதும்.

எப்போது நிறுத்துவது? விரலில் முடி வழுக்க வேண்டும், லேசாக எண்ணெய் இருப்பதுபோல் தோன்ற வேண்டும். கிரீச்சென்ற சத்தத்தைச் சுத்தத்தின் அடையாளம் என்று நினைக்கிறார்கள். முடியில் ஒரு துளி கொழுப்பும் மிஞ்சவில்லை என்பதைத்தான் அந்தச் சத்தம் சொல்கிறது.

கடைசி இரண்டு சொம்பு, எடுத்து வைத்த நல்ல தண்ணீர். போர்த் தண்ணீர் மட்டுமே இருக்கும் வீட்டில், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து ஊற்றி, ஒரு நிமிடம் கழித்து அலசிவிடுங்கள். புளிப்பு அந்த உப்புப் படிவை இளக்கும். தலைத்தோலில் புண் இருந்தால் வேண்டாம்.

10. துவட்டுவது

ஈரமுடி இழுத்தால் நீளும், எளிதில் அறும். துண்டை முறுக்கி முடியை அடித்து உலர்த்தும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பருத்தித் துணியில் முடியைப் பொதிந்து கையால் ஒற்றி எடுங்கள்.

11. ஈரமுடியில் கடைசிச் சொட்டுகள்

தண்ணீர் சொட்டுவது நின்று, தொட்டால் ஈரம் தெரியும் நிலையில் இதைச் செய்ய வேண்டும். மின்விசிறிக்குக் கீழே ஐந்து பத்து நிமிடம் உட்கார்ந்தால் அந்தப் பக்குவம் வரும். முழுக்க உலர்ந்த பின் வைத்தால் பிடித்து வைக்க ஈரம் இருக்காது, வெறும் மினுமினுப்புத்தான் மிஞ்சும். ஏற்கெனவே உலர்ந்துவிட்டதா? கையை நனைத்து நுனியில் தடவி ஈரமாக்கிக்கொண்டு வையுங்கள்.

தோள்வரை முடிக்கு இரண்டு சொட்டு, இடுப்புவரை நீண்டதற்கு நான்கு. தேங்காய் எண்ணெய் மட்டும் போதும். உள்ளங்கைகளை உரசி எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் பரவிய பின், நுனியிலிருந்து காது மட்டம் வரை நீவுங்கள். அதற்கு மேலே போனால் மாலைக்குள் உச்சி படிந்து எண்ணெய் வழிவதுபோல் தெரியும். இந்த நான்கு சொட்டு அதிகமாகத் தோன்றினால் அடுத்த முறை மூன்றாக்குங்கள். எண்ணெய் குறைவாக இருந்தால் மறுநாள் சேர்க்கலாம், கூடிவிட்டால் மறுபடி அலசத்தான் வேண்டும்.

அகலப் பல் சீப்பால் ஒரு முறை வாரி, நிழலில் உலரவிட்டு, பிறகு பின்னுங்கள். ஈரத்தோடு இறுக்கிப் பின்னினால் முடி அறும், வாடையும் வரும். எண்ணெய் பட்ட முடியில் முடியை நேராக்கும் சூட்டுக் கருவியை வைக்கவே கூடாது. முடி வெந்துவிடும்.

12. எத்தனை நாளுக்கு ஒரு முறை

முன்எண்ணெய் வாரம் ஒரு முறை. ஈரமுடிச் சொட்டுகள் தலைக்குக் குளிக்கும் ஒவ்வொரு முறையும். பங்குனி, சித்திரையில் தர்மபுரி, அரூர் வெயிலுக்கு வியர்வையால் தலைத்தோல் நனைந்தே இருக்கும், அப்போது வேரைத் தவிர்த்து நுனிக்கு மட்டும் வையுங்கள். ஓசூர்ப் பனிக்காற்றில் கூடுதலாக, இடையில் ஒரு நாள் நுனியை நனைத்து ஒரு சொட்டு தடவலாம்.

ஒகேனக்கல்லுக்குப் போய் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு அருவியில் நிற்கிறவர்கள் முடியை அவிழ்த்து விடாமல் பின்னிக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் விழும் சிக்கை எடுக்க ஒரு நாள் போதாது.

13. எண்ணெயால் ஆகாதவை

பிளந்த நுனியை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. பிளவுக்கு அரை அங்குலம் மேலே வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பிளவு மேலேறும். இதைத் தொடங்கும் முன்பே வெட்டிக்கொள்வது நல்லது.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் முடி அப்படியே காய்ந்திருந்தால், அதோடு உடல் சோர்வும் சேர்ந்திருந்தால், இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும் உள்ளதா என்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசு வட்டமாக முடி கொட்டியிருந்தாலோ, தலைத்தோலில் சீழோ புண்ணோ இருந்தாலோ எண்ணெயை அன்றே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். போகும் நாளில் தலையில் எண்ணெய் இல்லாமல் போங்கள். எண்ணெய் பூசியிருந்தால் மருத்துவரால் செதிலையும் சிவப்பையும் சரியாகப் பார்க்க முடியாது.